சிவப்புக்கு இரண்டு முடிச்சு

போன மாதம் தோட்டப் பிரிவிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் இப்போது அங்கே அதிகாரியாக இருக்கும் பெண். வயதில் என் மகளைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்தவர். இனிமேல் நகரியத்துத் தோட்டங்களையெல்லாம் கணினித் திரையில் வரைந்து, வண்ணம் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நடப்போகிறார்களாம். அதற்கு முன்னால் பழைய ஆட்களின் அனுபவத்தை எழுதி வாங்கி, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்க நினைக்கிறாராம். "வண்ண இலைச் செடியில நீங்கதான் சார் எக்ஸ்பர்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. கலர் செலக்‌ஷன் எப்படிப் பண்ணீங்கன்னு அஞ்சாறு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. என் மனைவி ஸ்டெல்லா அடுப்படியில் இருந்தபடியே சிரித்தாள். அவள் சிரிக்காமல் என்ன செய்வாள்? எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலிருந்தே அப்படி. மஞ்சள் தெரியும், நீலம் தெரியும். சிவப்பும் பச்சையும் மட்டும் என் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மண் நிறம். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் முப்பத்திரண்டு வருடம் நெய்வேலியில் வண்ண இலைத் தோட்டம் போட்டேன். இதை எங்கிருந்து தொடங்குவது என்று மூன்று வாரமாகக் குழம்பினேன். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தொகுப்பில் சேர்ப்பதும் சேர்க்காததும் அவர்கள் பாடு.

சுரங்க விரிவாக்கத்துக்கு எங்கள் நிலம் போனபோது, குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று என்னைக் கூப்பிட்டார்கள். மெடிக்கலில் உயரம், எடை, நெஞ்சளவு எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்க வட்டமாகப் புள்ளிகள். என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டார். புள்ளிதான் தெரியுதுங்க என்றேன். பக்கத்தைப் புரட்டினார். அதிலும் புள்ளிதான். எனக்கு முன்னால் போனவன் அதே புத்தகத்தில் மடமடவென்று நம்பர்களைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். பயல் யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

பத்து நாள் கழித்து வந்த உத்தரவில் மைன்ஸ் இல்லை, தோட்டப் பிரிவு என்றிருந்தது. கண்ணில் கோளாறு, மைன்ஸுக்கு ஆகாது என்று மட்டும் ஆபீஸில் ஒருவர் சொன்னார். என்ன கோளாறு என்று நான் கேட்கவில்லை. என்னவென்று புரிந்தது கல்யாணம் ஆன மூன்றாம் வாரம். தக்காளி வாங்கி வா என்று ஸ்டெல்லா அனுப்பினாள். பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வந்தேன். பாதி பழம், பாதி காய். அவள் நாலு தக்காளியை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள், நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு வெகுகாலம் விடவில்லை. இந்தக் கண் மைன்ஸுக்கு ஆகாது என்றால், வண்ணச் செடி வளர்க்கிற தோட்டத்துக்கு மட்டும் எப்படி ஆகும்? தோட்டப் பிரிவில் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிலமும் போய்விட்டது, வேலையும் போனால் எங்கே நிற்பது? யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று நானும் அவளும் பேசி வைத்துக்கொண்டோம்.

முதல் சில வருடங்கள் நர்சரியில் கழிந்தன. மண் கலப்பது, குச்சி வெட்டி வைப்பது, பதியம் போடுவது, முந்திரித் தழையை மக்க வைப்பது. செடிகளை நான் நிறத்தால் கற்கவில்லை, உருவத்தால் கற்றேன். குரோட்டனில் முறுக்கிக்கொண்ட இலை ஒன்று, நாக்கு மாதிரி நீண்டது ஒன்று, நடுவில் நரம்பு மட்டும் நீண்டு அதன் நுனியில் இன்னொரு குட்டி இலை தொங்குவது ஒன்று. கையில் தொட்டால் பெயர் சொல்வேன். முறுக்கு இலைக்காரன் என்ன நிறம் என்பதைப் பிறர் பேச்சிலிருந்து பிடித்து, பாடம் போல மனதில் வைத்துக்கொண்டேன். இப்படியே ஏறி ஃபோர்மேன் ஆனேன்.

அப்போதுதான் பரமசிவம் சார் எங்கள் பிரிவுக்கு அதிகாரியாக வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் வேலை தேடிப் போய்விடுவோம். பூவை அவர் அதிகம் நம்ப மாட்டார். இந்த வெயிலில் பூப்பாத்தி ஆறு வாரம் சிரிக்கும், பிறகு ஆறு மாதம் அழும் என்பார். இலையில் நிறம் இருந்தால் வருடம் பூராவும் நிற்கும். விருந்தினர் விடுதியைச் சுற்றி ஒரு பெரிய வண்ண இலைத் தோட்டம் வேண்டும் என்று மேலிடத்தில் அனுமதி வாங்கி வந்து, அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அவர் வேலை செய்கிற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகப்படும். முதல் வாரம் ஒரு செடியைத் தொட விடமாட்டார். காலை ஏழு மணி, பகல் பன்னிரண்டு, மாலை நாலரை, மூன்று வேளையும் அந்த இடத்துக்குப் போய் வெயில் எங்கே விழுகிறது, சுவரின் நிழல் எதுவரை வருகிறது என்று கோலப்பொடியால் கோடு போட வேண்டும். குரோட்டனுக்கு வெயில் இல்லாவிட்டால் நிறமே ஏறாது, வெறும் பச்சையாக நின்றுவிடும். அக்லோனிமாவுக்கும் கலேடியத்துக்கும் நடுப்பகல் வெயில் பட்டால் இலை ஓரம் கருகிப் போகும். பின்வரிசையில் ஆள் உயரத்துக்கு அகலிஃபா, அதற்கு முன்னால் கார்டிலைன், நடுவில் குரோட்டன், ஓரத்தில் முழங்காலுக்குக் கீழே ரியோவும் ஆல்டர்னாந்த்ராவும். ஒரே வகையை ஐந்தாக, ஏழாகக் கூட்டி வைக்க வேண்டும். ஒன்றொன்றாக நட்டால் சந்தையில் கடை போட்டதுபோல இருக்கும். தழைச்சத்து உரம் அதிகம் போடக்கூடாது, போட்டால் இலை செழித்து நிறம் போய்விடும். கோடையில் இலைமேல் தூசு படியும், வாரம் ஒருமுறை குழாய் பிடித்துக் கழுவ வேண்டும், அதுவும் காலையில்.

இதற்கெல்லாம் பிறகு, செடிகளைத் தொட்டியோடு அந்தந்த இடத்தில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பார். வண்டி வந்து நிற்கிற இடம், விடுதியின் வாசற்படி, மாடி பால்கனி என்று மூன்று இடத்திலிருந்து பார்ப்பார். என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். "எங்கியாச்சும் கண்ண உறுத்துதா சூசை?" என்று கேட்பார்.

எனக்கு உறுத்தத்தான் செய்யும், ஆனால் வேறு காரணத்துக்கு. நிறம் எனக்குத் தெரியாததால் நான் பார்த்ததெல்லாம் வெளிச்சமும் இருட்டும்தான். எந்த இலை பளிச்சென்று இருக்கிறது, எது மங்கலாக இருக்கிறது, எது அகலம், எது ஊசி, எது எண்ணெய் தடவியதுபோல மின்னுகிறது. இருட்டாகத் தெரிந்த ஒரு கூட்டத்துக்குப் பக்கத்தில் வெளிறிய ஒன்றை வைப்பேன். அகல இலைக்குப் பக்கத்தில் ஒல்லி இலை. அப்படி மாற்றச் சொன்னால், சார் நாலு அடி பின்னால் போய் நின்று பார்த்துவிட்டுச் சரி என்பார். மற்றவர்கள் போட்டால் திருவிழாப் பந்தல் மாதிரி கத்துகிறதாம், நான் போட்டால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதாம். எனக்கு வண்ணம் தெரிந்தவன் என்ற பெயர் வந்தது இப்படித்தான். இதைப் பெருமையாக நினைப்பதா, ஏமாற்று வேலையாக நினைப்பதா என்று அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

உருவத்தை வைத்துப் பிரிக்க முடியாத செடி ஒன்று உண்டு. அது ஆல்டர்னாந்த்ரா. விரல் நீளத்தில் தரையோடு தரையாகப் படர்கிற செடி. சிவப்பு வகை, பச்சை வகை இரண்டுக்கும் இலை ஒன்றேபோல இருக்கும். இரண்டையும் நெருக்கி நட்டுப் பாத்தியில் எழுத்தோ படமோ வரையலாம், கம்பளம் விரித்ததுபோல இருக்கும். நர்சரியில் நிழல்வலைக்கு அடியில் ட்ரேயில் இருக்கும்போது சிவப்பும் சோகையாகப் பச்சை போலவே இருக்குமாம், மற்றவர்களுக்கே தெரியாதாம். வெயிலில் நட்டு மூன்று வாரம் ஆனால்தான் நிறம் ஏறும். அதனால் குச்சி வைக்கும்போதே ஒவ்வொரு ட்ரேயிலும் கயிறு கட்டச் சொல்வார் சார். சிவப்புக்குச் சிவப்பு நைலான் கயிறு, பச்சைக்குப் பச்சைக் கயிறு. ஆலையில் குழாய்க்குக் குழாய் வண்ணம் அடிப்பார்கள் அல்லவா, அந்தப் பழக்கம்.

கயிறு கட்டுகிற வேலை அஞ்சலையம்மாவுடையது. அவர் காண்ட்ராக்ட் தொழிலாளி. குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஊர், பஸ்ஸில் வந்து போவார். அதிகம் பேச மாட்டார். நர்சரி அப்போது சுற்றுச்சுவருக்குள் இருந்தது, கேட்டில் பாஸ் காட்டித்தான் உள்ளே வர வேண்டும். பதினோரு வருடமாக அவர் பாஸ் ஒரு மாதம்கூட விட்டுப் போனதில்லை. காண்ட்ராக்ட் ஆட்களை வருட வரிசைப்படி நிரந்தரமாக்கப் போவதாக அப்போது ஒரு பேச்சு பலமாக இருந்தது. ஒரு மாதம் பாஸ் விட்டுப்போனாலும் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டியதுதான்.

ஒருநாள் ட்ரேயைத் தூக்கும்போது என் விரலில் பட்டது: சில கயிறுகளில் ஒரு முடிச்சு, சிலவற்றில் இரண்டு முடிச்சு. நட்டு, நிறம் ஏறி, மற்றவர்கள் பேசிக்கொண்டதை வைத்துச் சரி பார்த்தேன். சிவப்புக்கு இரண்டு முடிச்சு, பச்சைக்கு ஒன்று. அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும். இந்த அம்மாவுக்கு என் கண் விஷயம் தெரிந்துவிட்டது, தெரிந்து எனக்காகத்தான் இப்படிச் செய்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எட்டு வருடம் அந்த முடிச்சை விரலால் தடவித்தான் பாத்தி போட்டேன்.

இனி அந்த ஒரு பாத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மழைக்காலம் முடிகிற நேரம். தை கடைசியில் டெல்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்று, விடுதியின் முன்னால் இருந்த வட்டப் பாத்தியில் ஒரு பெரிய இலையின் படம் போடச் சொன்னார் சார். சிவப்பு இலை, அதில் பச்சை நரம்பு, சுற்றிலும் பச்சைத் தரை. மாடி பால்கனியிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரிய வேண்டும். நர்சரியில் குச்சி வைத்துக் கயிறு கட்டுகிற நாளன்று காலையில் அஞ்சலையம்மா என்னிடம் வந்தார். மகளுக்குப் பிரசவ வலி, கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் லீவு ஆகிவிட்டது, இன்னொன்று போட்டால் காண்ட்ராக்டர் பாஸில் கை வைப்பார் என்றார். நீ போம்மா, நான் பார்த்துக்கிறேன் என்றேன். அவர் வந்ததாக வருகைப் பதிவு மஸ்டரில் குறித்துவிட்டேன். அன்று கயிறு கட்டியது வேறு பெண்கள்.

ட்ரேக்களை விடுதிக்கு ஏற்றியபோது வழக்கம்போல விரலால் தடவினேன். ஒரு முடிச்சும் இருந்தது, இரண்டு முடிச்சும் இருந்தது. ஆளுக்கு ஆள் கைக்கு வந்தபடி போட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு முடிச்சு ட்ரேக்கள் இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே என்று மட்டும் ஒரு நிமிடம் நின்றேன். கூடுதலாக வைத்திருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் ட்ரேயைக் காட்டக் காட்ட, பெண்கள் கோட்டுக்குள் நட்டார்கள். கயிறு நிறத்தை அவர்கள் பார்க்கத்தான் செய்தார்கள். ஒரு பெண் ஏதோ கேட்க வாயெடுத்தாள். ஃபோர்மேன் சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவள் அவளை அடக்கிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, சார் மாடி பால்கனியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். ஏறிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். வெயில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது.

"என்ன தெரியுது சூசை?"

கீழே பார்த்தேன். அடர்த்தியாக, பழுதில்லாமல், ஒரே சீராக வளர்ந்திருந்தது. "நல்லா வந்திருக்குது சார்" என்றேன்.

அவர் திரும்பி என்னையே பார்த்தார். "கிண்டல் பண்றீங்களா?" என்று கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதோ கெட்டுவிட்டது, என்ன கெட்டுவிட்டது என்று என்னால் பார்க்க முடியவில்லை. கீழே பெண்கள் கும்பலாக நின்று பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலையும் இல்லை, நரம்பும் இல்லை, சொறி பிடித்த மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறது என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. நான் மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

வருகைக்குப் பத்து நாள்தான் இருந்தது. பாத்தியைப் பிடுங்கி, மற்ற இடங்களிலிருந்து வளர்ந்த செடிகளைக் கொண்டுவந்து வைக்க ஏற்பாடு செய்துவிட்டு, கயிறு கட்டியது யார் என்று சார் விசாரித்தார். மஸ்டரைப் பார்த்தார். அன்றைக்கு அஞ்சலையம்மா வேலைக்கு வந்ததாக இருந்தது, என் கையெழுத்தில். அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அன்றைக்கு நான் வரவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என்னை ஒருதரம் பார்த்தார். "தப்பு நடந்துபோச்சுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. மாலையில் காண்ட்ராக்டரின் ஆள் வந்து அவருடைய பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். மாதக் கடைசியில் புதுப்பிக்கப் போவதில்லை, நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நாலு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. குழப்பம் என்று சொல்லிக்கொண்டேன். மஸ்டரைப் பற்றி மட்டும் சொன்னால், அப்படியானால் ட்ரேயைப் பார்த்து நடச் சொன்ன உனக்குக் கண் இல்லையா என்று கேட்பார்கள். கண்ணைப் பற்றிச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் அந்த அம்மாவின் பதினோரு வருடம் போய்விடும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கை நழுவுகிறது. ஸ்டெல்லாவிடம் முதல் நாள் சொல்லவில்லை, இரண்டாம் நாள் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போனாள். மூன்றாம் நாளும் பேசவில்லை. நாலாம் நாள், "அந்தம்மா வூட்ல பச்சப் புள்ள பொறந்திருக்குது, தெரியுமில்ல" என்றாள். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் காலையில் சாரின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மஸ்டரில் பொய்யாகக் குறித்தது, கண், தக்காளி, முடிச்சு, எல்லாம். அவர் முழுதும் கேட்டார். பிறகு தொலைபேசியை எடுத்து என் பணிப்பதிவு ஃபைலை அனுப்பச் சொன்னார். என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். மதியம் ஃபைல் வந்தது, மறுபடி கூப்பிட்டார்.

ஃபைலை என் பக்கம் திருப்பி வைத்தார். முதல் தாள், மெடிக்கல் ரிப்போர்ட். நிறப் பார்வைக் குறைபாடு, சுரங்கப் பணிக்குத் தகுதியில்லை, தோட்டப் பிரிவுக்குப் பரிந்துரை. கீழே டாக்டர் கையெழுத்து, அதற்குக் கீழே நாலைந்து அதிகாரிகளின் கையெழுத்து. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது. கண் சரியில்லாததால்தான் என்னைத் தோட்டத்தில் போட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் போட்டதால் கண்ணை மறைக்க வேண்டும் என்று நான் இத்தனை வருடம் பயந்திருக்கிறேன்.

"இத ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டார்.

"மறைச்சிட்டேன்னு நெனச்சுகினு இருந்தேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. இந்தத் தாளைப் படிக்காமலே எட்டு வருடமாக என்னைப் பக்கத்தில் நிறுத்திக் கண்ணை உறுத்துகிறதா என்று கேட்டிருக்கிறேனே என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். பிறகு காண்ட்ராக்டரின் ஆளைக் கூப்பிட்டு, பாஸை இன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும், அந்த நாலு நாளும் அவர் வந்ததாகவே இருக்க வேண்டும் என்றார். மஸ்டரில் பொய் எழுதியதற்கு எனக்கு ஒரு மெமோ. அதை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அஞ்சலையம்மாவை அறைக்குக் கூப்பிட்டு, என்னை வைத்துக்கொண்டே சார் கேட்டார், சிவப்புக் கயிற்றில் ஏன் இரண்டு முடிச்சு போடுகிறாய் என்று. எட்டு வருடமாக நான் கேட்க நினைத்த கேள்வி. என் காதெல்லாம் அங்கேயே இருந்தது.

"செவப்புக் கயிறு நீட்டுத் துண்டுங்க சார். ஒரு முடிச்சு போட்டா மிச்சம் தொங்கும், கால்ல மாட்டும். அதான் இன்னொரு முடிச்சு போட்டு இழுத்துடறது."

அப்படியா என்று சார் கேட்டுக்கொண்டு அனுப்பிவிட்டார். நான்தான் அங்கேயே நின்றுவிட்டேன். எனக்காக ஒன்றுமில்லையா? கயிறு நீளமாக இருந்தது, அவ்வளவுதானா? எட்டு வருடம் இவரை மனதில் கும்பிட்டுக்கொண்டிருந்தேனே என்று அவமானமாக இருந்தது. ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தேன். கயிறு உருளையாகத்தான் வரும், சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி. துண்டு வெட்டுவது யார் என்று கேட்டேன். அஞ்சலையம்மாதான் என்றார்கள். தானே வெட்டுகிற கயிற்றைச் சிவப்பில் மட்டும் நீளமாக வெட்டுவானேன்? கேட்டிருக்கலாம். மெமோ வாங்கிய முகத்தோடு அவரிடம் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. அதன் பிறகு ட்ரேக்களில் நம்பர் அட்டை கட்டும் வழக்கத்தைச் சார் கொண்டுவந்துவிட்டார். முடிச்சுக்கு வேலையில்லாமல் போனது. அஞ்சலையம்மா மூன்று வருடம் கழித்து நிரந்தரம் ஆனார், எனக்கு முன்பே ஓய்வும் பெற்றுப் போனார்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது அந்த இடத்தில் வந்து பேனா நின்றுவிட்டது. தெரியாமல் எப்படி எழுதுவது? போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் குள்ளஞ்சாவடிக்குப் போனேன். அங்கே மகள் வீட்டில்தான் இருக்கிறார். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு முந்திரிப் பருப்புத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். வாங்க சார் என்று நாற்காலி எடுத்துப் போட்டு, காபி கொடுத்து, ஸ்டெல்லாவை விசாரித்தார். அன்றைக்குப் பிறந்த பேத்தி ஸ்கூலில் ஏழாவதோ எட்டாவதோ படிக்கிறாளாம். நான் காபியைக் குடித்துவிட்டுக் கேட்டுவிட்டேன். அந்த ரெண்டு முடிச்சு எனக்காகப் போட்டதா, இல்லை நிஜமாகவே கயிறு நீளமா?

"எந்த முடிச்சுங்க?" என்றார்.

விளக்கிச் சொன்னேன். உரித்துக்கொண்டே கேட்டார். கயிறு என்றால் முடிச்சு போடத்தான் போடுவோம், ஒன்று போட்டோமா ரெண்டு போட்டோமா என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்றார். மறந்தே போய்விட்டாரா, சொல்ல வேண்டாம் என்று நினைத்தாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. சரி, கிளம்பலாம் என்று எழுந்தபோது, தலை நிமிராமல் சொன்னார்.

"எனக்கு அந்த நாலு நாளுதாங்க ஞாபகம் இருக்குது. பாஸ் இல்லன்னாலும் தெனம் காலைல சோத்து டப்பாவ எடுத்துகினு வந்து கேட்டாண்ட உக்காந்துகினு இருந்தேன். நீங்க அந்தப் பக்கம் வந்தா ஒரு வார்த்த சொல்லி உள்ள இட்டுகினு போவீங்கன்னு. நீங்க பின்னாடி கேட்டு வழியா போயிட்டீங்க."

குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் வந்து பஸ் ஏறினேன். பின் கேட் வழியாகத்தான் போனேன், உண்மைதான். அந்த நாலு நாளும் எனக்கு ஒரே குழப்பம் என்று மேலே எழுதியிருக்கிறேன். சாருக்கும் அப்படித்தான் சொன்னேன், ஸ்டெல்லாவுக்கும் அப்படித்தான் சொன்னேன். முதல் நாள் காலையில், முன் கேட்டுக்கு எதிரே மரத்தடியில் அவர் டப்பாவோடு உட்கார்ந்திருந்ததைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுத்தான் சைக்கிளைத் திருப்பினேன்.